பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் துடைத்துச் சேமிப்புக்கு எடுப்பது: எங்கே தடங்கினால் என்ன செய்வது

பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, கோப்புகள் போட்டு வைக்கும் பெட்டியாக மாற்றுவது பத்து நிமிட வேலை போலத் தெரியும். உட்கார்ந்தால்தான் அது எங்கெல்லாம் முரண்டு பிடிக்கும் என்று புரியும். டிஸ்க் தெரியாது, பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்துவைத்த பகுதி) அழியாது, பாதியில் எரர் வரும், எல்லாம் முடிந்தபின் கணினியே எழுந்திருக்காது. அந்தந்த இடத்தில் என்ன நடக்கிறது, எப்படி வெளியே வருவது என்பதைத் தடங்கல் வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்த தடங்கல் எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த நான்கு பத்திகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

அழிப்பது வேறு, துடைப்பது வேறு. ஒரு கோப்பை டிலீட் செய்தால் அதன் பெயருக்கும் இருப்பிடத்துக்குமான குறிப்பு மட்டுமே போகிறது. குவிக் ஃபார்மேட் புதிதாக ஒரு வெற்று அட்டவணையை எழுதுகிறது. உள்ளே இருந்தது அப்படியே கிடக்கிறது. பார்ட்டிஷனை நீக்கினாலும் அதே கதைதான். டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டர் (தகவல் எழுதப்படும் சின்னஞ்சிறு கட்டம்) மீதும் புதிதாக எதையாவது, பெரும்பாலும் பூஜ்யத்தை, எழுதினால்தான் அது துடைத்ததாகக் கணக்கு. 2003இல் கார்ஃபிங்கல், ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய டிஸ்குகள் 158ஐ வாங்கிச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றின் சொந்தக்காரர்களில் பலர் 'ஃபார்மேட் பண்ணிவிட்டோம்' என்றுதான் நம்பியிருப்பார்கள்.

டிஸ்க் நம்மிடமே இருக்கப் போகிறது, பிறகு எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். முழுத் துடைப்பு டிஸ்க்குக்கு வைக்கும் பரீட்சையும்கூட. ஒவ்வொரு செக்டரையும் ஒருமுறை தொட்டு எழுதும்போதுதான் எந்த மூலை செத்துப்போயிருக்கிறது என்பது வெளியே வரும். அதை உங்கள் புகைப்படங்களைப் போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அதனால் துடைக்கும்போது வரும் எரரைத் தொல்லையாக நினைக்காமல், டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு காரியம். ஒன்று, வேண்டியதை எல்லாம் வேறு இடத்தில் நகலெடுத்து, நகலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். இரண்டு, துடைக்கப் போகும் டிஸ்க் இதே கணினிக்குள் மாட்டியிருந்தால், கணினியை அணைத்து அதன் கேபிளைக் கழற்றி, அது இல்லாமலே கணினி கிளம்புகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது கீழே ஒரு பகுதியில் வருகிறது.

கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

டிஸ்க்கை இணைத்தும் கணினியில் தெரியவில்லை

முதலில் எங்கே தேடுகிறீர்கள் என்று பாருங்கள். 'திஸ் பிசி'யில் டிரைவ் எழுத்து கிடைத்த பார்ட்டிஷன்கள் மட்டுமே வரும். லினக்ஸிலோ மேக்கிலோ பயன்படுத்திய டிஸ்க், ஏற்கெனவே காலியான டிஸ்க் எதுவும் அங்கே தலைகாட்டாது. விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தி வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறந்து, அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கேயும் இல்லை என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்தான். தனி பவர் அடாப்டர் இல்லாத இணைப்பானில் அதை மாட்டினால் சுழலவே சுழலாது. மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடும். ஆனால் யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லிஆம்பியர், சுழலத் தொடங்கும் நொடியில் போதாமல் போகலாம். யூஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை தரும்; அதில் மாற்றி மாட்டிப் பாருங்கள். மேசைக் கணினியின் முன்பக்க போர்ட்டைவிட மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட் நம்பகமானது. நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சீரான சுழற்சிச் சத்தம் வந்து, பிறகு மெல்லிய கரகரப்பு ஒன்றிரண்டு வந்தால் டிஸ்க் விழித்துவிட்டது. கேபிளையோ இணைப்பானையோ மாற்றிப் பாருங்கள். 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தால், படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. மின்சாரம் போதாதபோதும் இதே தட்டல் வரும் என்பதால், நல்ல பவரில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் அந்த டிஸ்க் சேமிப்புக்கு ஆகாது.

அகலமான பட்டை கேபிள் போகும் ஐடிஇ டிஸ்க் என்றால், பின்பக்கத்தில் இருக்கும் குட்டி ஜம்பரைப் பாருங்கள். யூஎஸ்பி இணைப்பானுக்குப் பெரும்பாலும் 'மாஸ்டர்' நிலைதான் ஒத்துவரும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எது பழையது என்று உறுதியில்லை

இந்த வேலை முழுவதிலும் உண்மையான ஆபத்து உள்ள இடம் இதுதான். மற்ற எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு நண்பருக்காக அவருடைய கணினியில் இந்த வேலையைச் செய்தேன். இரண்டு டிஸ்க்கும் ஒரே கொள்ளளவு. பழையது 'டிஸ்க் 1' என்று தாளில் குறித்துக்கொண்டேன். நடுவில் கணினியை ஒருமுறை மீண்டும் தொடங்கினேன். அந்த எண்கள் டிஸ்க்கோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல; விண்டோஸ் ஒவ்வொரு முறையும் தான் கண்டுபிடிக்கும் வரிசையில் கொடுப்பவை. எண்கள் இடம் மாறியிருந்தன. நான் காலி செய்தது அவர் குடும்பத்தின் புகைப்படங்கள் இருந்த டிஸ்க். அவருக்கு அதைச் சொன்ன நிமிடத்தை நான் மறக்கவில்லை. அன்று ஓட்டியது வெறும் 'கிளீன்' என்ற கட்டளை என்பதால், பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் போயிருந்தது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் அந்த பார்ட்டிஷனைத் திரும்பக் கண்டுபிடிக்க முடிந்தது. டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும் 'கிளீன் ஆல்' ஓட்டியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. முடிந்தவரை மற்ற டேட்டா டிஸ்குகள், வெளி டிஸ்குகள், பென்டிரைவ்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்வேன். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து 'கெட்-டிஸ்க்' என்று கொடுத்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சீரியல் எண் வரும்; இரண்டும் பொருந்தினால்தான் அடுத்த அடி. சில யூஎஸ்பி இணைப்பான்கள் டிஸ்க்கின் எண்ணுக்குப் பதில் தங்கள் எண்ணையே காட்டும். அப்போது டிஸ்க்கைக் கழற்றி, பட்டியலிலிருந்து எது மறைகிறது என்று பார்ப்பேன். கட்டளையை ஓட்டும் முன், அதே அமர்வில், இன்னொரு முறை பட்டியலைப் பார்ப்பேன்.

'டிலீட் வால்யூம்' மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மற்ற பார்ட்டிஷன்களை நீக்க முடிகிறது. 100 எம்பி, 500 எம்பி அளவில் ஒன்றிரண்டு மட்டும் அசையவில்லை. அவை பழைய விண்டோஸைக் கிளப்பும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனும் மீட்புப் பார்ட்டிஷனும். தெரியாமல் கைபட்டுப் போகக்கூடாது என்று அந்தத் திரை அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. இதற்கு டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸின் கட்டளைக் கருவி தேவை.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டிஸ்க்பார்ட்' என்று கொடுங்கள். 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்தால் பட்டியல் வரும். உங்கள் டிஸ்க் 2 என்றால் 'செலக்ட் டிஸ்க் 2'. உடனே 'டீடெயில் டிஸ்க்' கொடுத்து, மாடல் பெயரும் உள்ளே இருக்கும் வால்யூம்களும் நீங்கள் எதிர்பார்த்தவைதானா என்று பாருங்கள். சரி என்றால் 'கிளீன் ஆல்'. இது 'நிச்சயமா?' என்று கேட்காது. என்டர் தட்டிய நொடியில் தொடங்கிவிடும்.

'கிளீன்' என்று மட்டும் கொடுத்தால் சில நொடிகளில் முடியும். பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் போகும். 'கிளீன் ஆல்' கடைசி செக்டர் வரை பூஜ்யம் எழுதும். பூட்டிய பார்ட்டிஷனை நீக்குவதுதான் நோக்கம் என்றால் முதலாவது போதும். நான் எப்போதும் இரண்டாவதையே சொல்வேன், காரணம் மேலே சொன்ன பரீட்சை.

'இந்த டிஸ்க்கில் கிளீன் அனுமதி இல்லை' என்று மறுக்கிறது

செய்தியை முழுதாகப் படியுங்கள். தற்போதைய பூட், சிஸ்டம், பேஜ்ஃபைல், கிராஷ்டம்ப், ஹைபர்னேஷன் வால்யூம் அந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று சொல்லும். இரண்டில் ஒன்று: நீங்கள் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அல்லது பழைய டிஸ்க்கை விண்டோஸ் இன்னும் எதற்கோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. முதல் வாய்ப்பை முதலில் சரிபாருங்கள். விண்டோஸ் உங்களைக் காப்பாற்றியிருக்கலாம்.

டிஸ்க் சரியானதுதான் என்றால், அதில் பேஜ்ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) வைத்திருந்தால் சிஸ்டம் அமைப்புகளில் போய் அதை முதன்மை டிஸ்க்குக்கு மாற்றி, மீண்டும் தொடங்குங்கள். 'சிஸ்டம்' என்ற குறி பழைய டிஸ்க்கின் மேல் இருந்தால் நிறுத்துங்கள். உங்கள் கணினி கிளம்பத் தேவையான பூட் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. 'துடைத்த பிறகு கணினி கிளம்பவில்லை' என்ற பகுதியை இப்போதே படித்துவிடுங்கள்.

கணினியில் இருப்பதே ஒரே டிஸ்க், அதையே துடைக்க வேண்டும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்து அது நடக்காது. பென்டிரைவிலிருந்து கிளம்பும் ஒரு லினக்ஸ், அல்லது ஷ்ரெட்ஓஎஸ் போலத் துடைப்பதற்கென்றே உள்ள ஒன்று தேவை. ஷ்ரெட்ஓஎஸ்ஸுக்குள் என்வைப் என்ற கருவி இருக்கிறது. டிஸ்குகளைப் பட்டியலிட்டு, நீங்கள் குறித்ததை மட்டும் துடைக்கும். பழைய டிபான் நிரலைப் பயன்படுத்துவோர் கவனம்: அதில் 'ஆட்டோநியூக்' என்று கொடுத்தால் மாட்டியிருக்கும் அத்தனை டிஸ்கையும் துடைக்கத் தொடங்கும்.

'எழுதப் பாதுகாப்பு உள்ளது' என்கிறது, அல்லது டிஸ்க் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது

டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' கொடுங்கள். ஆஃப்லைன் என்றால் 'ஆன்லைன் டிஸ்க்'. பழைய டிஸ்க்கை எப்போதோ குளோன் செய்து (அச்சு அசலாக நகலெடுத்து) புதியதில் ஓட்டிக்கொண்டிருந்தால், இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். அந்த மோதலால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவைக்கும். அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்து துடைத்தால் பழைய அடையாள எண்ணும் போய்விடும். ஆனால் குளோன் செய்த டிஸ்குகளில் உள்ளடக்கமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், சீரியல் எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

சில இணைப்பான்களிலும் உறைகளிலும் எழுதுவதைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள். எதிலும் அசையாமல், ஒவ்வொரு முறை நீக்கினாலும் பூட்டு திரும்ப வருகிறது, அதுவும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால், தன் ஆயுள் முடிந்ததை அறிந்து அது தன்னையே பூட்டிக்கொண்டிருக்கலாம்.

'கிளீன் ஆல்' கொடுத்து மணிக்கணக்காகிறது, திரையில் எந்த அசைவும் இல்லை

டிஸ்க்பார்ட் எவ்வளவு முடிந்தது என்று காட்டாது. அது உறைந்துபோனதாக நினைத்துப் பாதியில் மூடிவிடுபவர்கள் நிறைய. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி எழுதும் என்று வைத்தால், 1 டிபிக்கு 10,000 நொடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. யூஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 எம்பி சொச்சம்தான் போகும். அதே டிஸ்க் ஒன்பது மணி நேரம் எடுக்கும். டிஸ்க்கின் வெளி வளையத்திலிருந்து உள்வளையத்துக்குப் போகப்போக வேகமும் குறையும், பாதி அளவுக்குக்கூட. அதனால் முதல் பாதியைவிட இரண்டாம் பாதி அதிக நேரம் எடுப்பது இயல்பு.

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' தாவலில் அந்த டிஸ்க்கின் எழுதும் வேகத்தைப் பாருங்கள். சீராக ஓடினால் விட்டுவிடுங்கள். நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி, அவ்வப்போது பூஜ்யம் என்று திணறினால், டிஸ்க் கெட்ட செக்டர்களோடு மல்லுக்கட்டுகிறது; அடுத்த பகுதிக்குப் போங்கள். கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப் அமைப்பை முன்பே நிறுத்தி வையுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரோடு இருக்கட்டும். டிஸ்க்கை மேசையில் அசையாமல், காற்றுப் படும்படி வையுங்கள். மெத்தை மேலோ தாள் அடுக்கின் மேலோ வேண்டாம். பல மணி நேரம் இடைவிடாமல் எழுதும்போது அது நன்றாகவே சூடாகும்.

முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்கள் 'கிளீன்' கொடுத்து, பார்ட்டிஷன் உருவாக்கி, குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுக்கலாம். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மேட் பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பியில் அப்படி இல்லை, அது செக்டர்களைப் படித்துச் சோதிக்க மட்டுமே செய்தது.

பாதியில் 'ஐ/ஓ டிவைஸ் எரர்' அல்லது 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று நிற்கிறது

இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரே எரர் செய்திக்குப் பின்னால் மலிவான காரணமும் இருக்கலாம், டிஸ்க்கின் முடிவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்மார்ட் என்ற பதிவேடு. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே அதில் எழுதி வைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்சிடிஎல் அதைப் படித்துக் காட்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ 'ரா' மதிப்புகளை முதலில் பதினாறடிமான எண்ணில் காட்டும். அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள்.

வரிசையில் நான்கு எண்களைத் தேடுங்கள்.

199 என்பது டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையில் பயணத்தில் கெட்டுப்போன தகவல்களின் எண்ணிக்கை. இது மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்மீது சந்தேகம் வேண்டாம், கேபிளை மாற்றுங்கள். இந்த எண் ஏறினால் இறங்காது. கேபிள் மாற்றிய பின் மேலும் ஏறாமல் நின்றாலே பிரச்சினை தீர்ந்தது.

197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். இவற்றுக்குத் துடைப்பே மருந்து. அந்தச் செக்டரில் புதிதாக எழுதும்போதுதான் டிஸ்க் முடிவெடுக்கும்: எழுத்து ஒழுங்காகப் பதிந்தால் காத்திருப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும்; பதியாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் செக்டர் ஒன்றை அந்த இடத்துக்குக் கொடுக்கும். மின்சாரம் திடீரென்று போனபோது அரைகுறையாக எழுதப்பட்ட செக்டரும் இந்தப் பட்டியலில் வரும்; அது உண்மையில் நல்ல செக்டர்தான்.

5 என்பது அப்படி ஒதுக்கி மாற்றப்பட்டவற்றின் எண்ணிக்கை. 198 என்பது டிஸ்க் தானே சோதித்தபோது சரிசெய்ய முடியாமல் போனவை.

துடைக்கும் முன் இந்த எண்களைக் குறித்து வைத்து, துடைத்த பின் மறுபடி பாருங்கள். 197 பூஜ்யத்துக்கு இறங்கி, 5 அப்படியே இருந்தால் அந்த டிஸ்க் பிழைத்துவிட்டது. 5 சிறிதளவு ஏறி நின்றால் இன்னொரு முறை துடையுங்கள். இரண்டாம் முறையில் அசையவில்லை என்றால் முக்கியமில்லாத கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போனால் மேற்பரப்பு சேதம் பரவுகிறது என்று பொருள். அந்த டிஸ்க்கில் எதையும் வைக்காதீர்கள். 'முழு ஃபார்மேட் முடிந்துவிட்டதே, கெட்ட செக்டர்களை அது குறித்து வைத்திருக்குமே' என்று சிலர் ஆறுதல் தேடுவார்கள். இன்று குறித்தது இன்றைய கெட்ட செக்டர்களை மட்டும்தான்.

9 என்ற எண் ஓடிய மணி நேரம். ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்தால், அந்த டிஸ்க் எத்தனை ஆண்டு இடைவிடாமல் சுழன்றதற்குச் சமம் என்பது தெரியும். வயது மட்டும் வைத்து ஒன்றை ஒதுக்க மாட்டேன். ஆனால் மேலே உள்ள எண்களோடு சேர்த்துப் பார்ப்பேன்.

லினக்ஸில் 'டிவைஸ் பிசி' என்கிறது. அல்லது கடைசியில் 'இடமில்லை' என்று எரர் வருகிறது

டெஸ்க்டாப் சூழல் பழைய பார்ட்டிஷன்களைத் தானாகவே மவுண்ட் செய்திருக்கும். எல்லாவற்றையும் அன்மவுண்ட் செய்யுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் 'எல்எஸ்பிஎல்கே' கொடுத்து டிஸ்க்குக்குக் கீழே எல்விஎம், எம்டி ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடுகள்) என்று ஏதாவது தொங்குகிறதா பாருங்கள். சேமிப்புப் பெட்டிகளிலிருந்து கழற்றிய டிஸ்குகளில் இது வழக்கம்: பழைய ரெய்டின் அடையாளத்தைக் கண்டதும் லினக்ஸ் அதை உயிர்ப்பிக்க முயலும். அந்தத் தொகுதியை நிறுத்திவிட்டு 'வைப்எஃப்எஸ்' கட்டளையால் அடையாளங்களை நீக்குங்கள், பிறகு துடையுங்கள்.

டிடி கட்டளையால் பூஜ்யம் எழுதி, இறுதியில் 'டிவைஸில் இடமில்லை' என்று வந்தால் அது எரரே இல்லை. கடைசிச் செக்டர் வரை எழுதி முடித்துவிட்டு, மேலே எழுத இடமில்லை என்கிறது. எழுதிய மொத்த அளவும் டிஸ்க்கின் அளவும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். கட்டளைக்குப் பழகாதவர்களுக்கு 'டிஸ்க்ஸ்' என்ற கிராஃபிக்கல் நிரலே போதும்; டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும் இடத்தில் பூஜ்யத்தால் மேலெழுதும் தேர்வு உண்டு.

மேக்கில் 'எரேஸ்' செய்தாலும் உள்ளே பழைய கன்டெய்னர் அப்படியே நிற்கிறது

டிஸ்க் யூட்டிலிட்டி முதலில் வால்யூம்களை மட்டுமே காட்டும். 'வியூ' மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் டிஸ்க்கையே தேர்ந்தெடுத்து எரேஸ் செய்யுங்கள். ஸ்கீம் இடத்தில் ஜியூஐடி. பூஜ்யம் எழுத டெர்மினலில் 'டிஸ்க்யூட்டில் ஜீரோடிஸ்க்'.

துடைத்த பிறகு கணினி கிளம்பவில்லை

கணினியில் புதிய எஸ்எஸ்டி சேர்த்து அதில் விண்டோஸ் நிறுவும்போது, பழைய டிஸ்க்கும் கூடவே மாட்டியிருந்தால், நிறுவும் நிரல் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த பூட் பார்ட்டிஷனையே பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் புதியதில், அதைக் கிளப்பும் கோப்புகள் பழையதில். வருடக்கணக்காக யாருக்கும் தெரியாது. பழையதைத் துடைத்த அன்று தெரியும்.

பயப்பட வேண்டாம். உங்கள் விண்டோஸும் கோப்புகளும் புதிய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. கதவின் சாவி மட்டும்தான் போயிருக்கிறது. முதலில் பயோஸில் (கணினி கிளம்பும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) பூட் வரிசையைப் பாருங்கள். சில நேரம் முதலிடத்தில் பழைய டிஸ்க் நிற்பதுதான் ஒரே கோளாறு. அது இல்லை என்றால், வேறு கணினியில் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரித்து அதிலிருந்து கிளப்பி, 'ரிப்பேர்' வழியாக ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள். அதனால் ஆகவில்லை என்றால் அங்கேயே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து கையால் செய்யலாம். யுஇஎஃப்ஐ (புதிய வகை பயோஸ்) கணினி என்றால் டிஸ்க்பார்ட்டில் புதிய டிஸ்க்கின் விண்டோஸ் பார்ட்டிஷனை 'ஷ்ரிங்க்' கொண்டு சில நூறு எம்பி சுருக்கி, கிடைத்த இடத்தில் 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ' கொடுத்து, ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து, ஓர் எழுத்தைக் கொடுங்கள். பிறகு 'பிசிடிபூட்' கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையின் பாதையையும் அந்த எழுத்தையும் கொடுத்தால், பூட் கோப்புகளைப் புதிதாக எழுதிவிடும். இந்தச் சூழலில் விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்து சி ஆக இல்லாமல் டி ஆகவோ வேறாகவோ மாறியிருக்கலாம். 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை இந்த வேலை முடியும்வரை கழற்றியே வையுங்கள்.

துடைத்து முடித்ததும் டிஸ்க் காணாமல் போய்விட்டது. 'இனிஷியலைஸ் செய்' என்று கேட்கிறது

வேலை நன்றாக முடிந்ததற்கான அறிகுறி இது. டிஸ்க்கில் இப்போது எதுவுமே இல்லை, பார்ட்டிஷன் அட்டவணைகூட இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடியை (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) தேர்ந்தெடுத்து இனிஷியலைஸ் செய்து, காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுங்கள். மிகப் பழைய கணினியிலோ, டிவி போன்ற கருவியிலோ மாட்ட வேண்டும் என்றால் மட்டும் பழைய வகையான எம்பிஆர்.

விண்டோஸில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. எழுதும்போது கேபிளைப் பிடுங்கினால் சேதம் அதிகம். ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்குள்தான் இருக்க முடியும். 'இடம் நிறைய இருந்தும் பெரிய வீடியோ நகலாகவில்லை' என்ற புலம்பலுக்குக் காரணம் அநேகமாக இதுதான்.

கொள்ளளவு குறைவாகக் காட்டுகிறது

1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 500 ஜிபி டிஸ்க் 465 என்றும் காட்டினால் ஒன்றும் தொலையவில்லை. தயாரிப்பவர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்காக எண்ணுகிறது. 3 டிபி, 4 டிபி டிஸ்க் 2 டிபியில் நின்று மீதி பயன்படுத்த முடியாமல் கிடந்தால், அதை எம்பிஆரில் தொடங்கியிருக்கிறீர்கள்; 'கிளீன்', பிறகு 'கன்வர்ட் ஜிபிடி'. இரண்டும் இல்லாமல் சில ஜிபி மாயமாகியிருந்தால், கணினித் தயாரிப்பாளர் மீட்புக்காக மறைத்துவைத்த எச்பிஏ பகுதியாக இருக்கலாம். லினக்ஸின் எச்டிபார்ம் அதைக் காட்டும், நீக்கவும் செய்யும். அதை நீக்கிவிட்டு மறுபடி துடைக்க வேண்டும், ஏனென்றால் முதல் துடைப்பு அந்தப் பகுதியைத் தொட்டிருக்காது.

துடைத்த பிறகும் மீட்பு மென்பொருள் பழைய கோப்புகளைக் காட்டுகிறது

ஹார்ட் டிஸ்க் என்றால் நீங்கள் குவிக் ஃபார்மேட்டோ, வெறும் 'கிளீனோ'தான் ஓட்டியிருக்கிறீர்கள். ஒரே ஒரு முழுச் சுற்று பூஜ்யம் போதும். 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து 35 சுற்று என்ற கணக்கு பரவியது. அது அந்தக் காலத்தின் பலவகைப் பதிவு முறைகளுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை. இன்றைய டிஸ்க்குக்கு 35 சுற்றும் ஓட்டுவது பொருளற்றது என்று அவரே பின்னர் எழுதினார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும் காந்த டிஸ்க்குக்கு ஒரு சுற்று மேலெழுதலை ஏற்றது. நாள்கணக்கில் பல சுற்று ஓட்டித் தேய்ந்த டிஸ்க்கை மேலும் தேய்க்காதீர்கள். ஒரு சுற்று ஓட்டி, மிச்ச நேரத்தைச் சரிபார்க்கச் செலவிடுங்கள்: லினக்ஸில் 'சிஎம்பி' கட்டளையால் டிஸ்க்கை பூஜ்யத்தோடு ஒப்பிட்டால், ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்த இடத்தைச் சொல்லி நிற்கும்; மாறாமல் டிஸ்க்கின் முடிவை எட்டினால் சுத்தம்.

ஒரு நுணுக்கம்: முன்பே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டர்களை எந்த மேலெழுதலும் எட்டாது. டிஸ்க் உங்களிடமே இருக்கும்வரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கைமாறப் போகிறது என்றால், டிஸ்க் தன்னையே துடைத்துக்கொள்ளும் கட்டளையான ஏடிஏ செக்யூர் எரேஸின் 'என்ஹான்ஸ்டு' வகையை டிஸ்க் ஆதரித்தால் அதை ஓட்டுங்கள். அது அவற்றையும் தொடும்.

எஸ்எஸ்டி என்றால் கதையே வேறு. தேய்மானத்தைப் பகிர்ந்தளிக்க அது எழுதுமிடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், கணினிக்குக் காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். மேலெழுதுவதால் ஆயுள் குறையும், முழுமையும் கிடைக்காது. தயாரிப்பாளரின் கருவியிலோ பயோஸிலோ உள்ள செக்யூர் எரேஸையே பயன்படுத்துங்கள். அது 'ஃப்ரோசன்' என்று மறுத்தால், கணினியை ஒருமுறை தூங்கவைத்து எழுப்பிய பின் முயன்று பாருங்கள். பெரும்பாலும் பூட்டு விலகும்.

எல்லாம் முடிந்தது, ஆனால் இந்த டிஸ்க்கை நம்பலாமா என்று தெரியவில்லை

லினக்ஸின் பேட்பிளாக்ஸில் எழுதிப் பார்க்கும் சோதனையை ஓட்டுங்கள். நான்கு விதமான வடிவங்களை டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். ஆக எட்டுச் சுற்று. 1 டிபிக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். கடைசியாக எழுதும் வடிவம் பூஜ்யம் என்பதால் துடைப்பும் அதிலேயே முடிந்துவிடும். அதனால் சந்தேகமான டிஸ்க்குக்கு நான் தனியாகத் துடைப்பதே இல்லை, நேரே இதைத்தான் ஓட்டுவேன்.

பிழையின்றி முடிந்தால், அன்றைய தேதியையும் 5, 197, 198, 199 ஆகியவற்றின் மதிப்பையும் ஒரு சிறு தாளில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள். காற்றுத் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். பெரும்பாலான டிஸ்குகளில் அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். வேறெங்கும் பிரதி இல்லாத கோப்பை இதில் வைக்க வேண்டாம், இரண்டாவது நகலுக்கு இது நல்ல இடம். மூன்று மாதம் கழித்து மறுபடி மாட்டி, தாளில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.